நாற்பத்தாறாவது கண்ணாடி

பள்ளிபாளையம் பாலத்தின் நடுவில் பஸ் நின்றபோதுதான் கோகிலவாணிக்கு அந்த ஏழும் மறுபடி வந்தன. அதுவரைக்கும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஈரோட்டில் குமாரபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டை வாட்ச் பட்டைக்குள் செருகி, பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு லேபில் தன் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள், ஸ்லைடுக்குப் போடுகிற சாயத்தை மாற்ற வேண்டிய நாளாயிற்றே, மாற்றியிருப்பார்களா என்று ஒன்றுக்கும் உதவாததையெல்லாம் யோசித்தபடி வந்தாள். முன்னால் நூல் லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. கீழே காவிரி பாதி தண்ணீர், பாதி பாறை. ஏழு செல்கள். கண்ணாடித் தகட்டின் வலது ஓரத்தில், பேப்பர் லேபிளுக்குப் பக்கத்தில், கொத்தாகக்கூட இல்லை, ஒருத்தரோடு ஒருத்தர் பேசாதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி ஏழு. நல்ல செல் என்றால் பெரிசாக, மெல்லிசாக, வெங்காயச் சருகு மாதிரி விரிந்து கிடக்கும். நடுவில் உட்கரு ஒரு கடுகு. இந்த ஏழிலும் சருகு சுருங்கி, கடுகு மிளகாகியிருந்தது. மிளகு மாதிரியே மேலெல்லாம் சுருக்கம், மிளகு மாதிரியே கறுப்பு. இதைத் தேடித்தான் இருபத்தாறு வருஷமாக அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறாள். கர்ப்பப்பை வாயிலிருந்து தடவி எடுத்துக் கண்ணாடியில் பூசி அனுப்புவார்கள். அதை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மேலும் கீழுமாகத் துழாவ வேண்டும். மிளகு இருந்தால் மையால் புள்ளி வைத்து டாக்டரிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புற்றாக மாறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மிளகு தெரிந்துவிடும். தெரிந்தால் சின்ன வைத்தியம். பிந்தினால் பெரிய வைத்தியம். அதற்கும் பிந்தினால் என்று அவள் யோசிக்கும்போது பின்னால் நின்ற லாரிகளெல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

அந்த ஏழு செல்களை அவள் பார்க்கவில்லை. மெஷின் பார்த்தது. பார்த்தது என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் வேறு எப்படிச் சொல்வது. ஆறு மாசத்துக்கு முன்னால் லேபுக்கு வந்தது, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உயரத்தில். கண்ணாடிகளைத் தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினால் ஒவ்வொன்றாக இழுத்துப் படம் பிடித்து, சந்தேகப்படுகிற செல்லைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். லேபுக்குப் பெரியவர் டாக்டர் அருள்செல்வன், அவளைவிடப் பதினைந்து வயசு சின்னவர், "பழைய ஸ்லைடெல்லாம் ஒருதடவை ஓட்டிப் பாத்துடலாம் மேடம், நம்ம ரிப்போர்ட்டோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு தெரியட்டும்" என்றார். ஐந்து வருஷத்துக் கண்ணாடிகள், அறுபதாயிரம் இருக்கும். மூன்று மாசம் ஓடியது. அவள் நார்மல் என்று கையெழுத்துப் போட்டதில் நாற்பத்தாறு கண்ணாடிகளில் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. நாற்பத்தாறையும் எடுத்துவைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். முதலாவது வெறும் பூஞ்சை இழை. இரண்டாவது வெள்ளணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பதினோராவது, எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்த மகரந்தத் தூள். இதைப் போய்ப் புற்று என்கிறது பார் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ருசியாக இருந்தது, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வயசான பெண்ணின் வறண்ட செல்லைப் பார்த்து பயந்திருந்தது, சாயம் கூடிப்போன இடத்தைப் பார்த்து பயந்திருந்தது, ஒரு கைரேகையைப் பார்த்துக்கூட. நாற்பத்தைந்து வரைக்கும் அவள்தான் சரி. போன வியாழக்கிழமை மத்தியானம் மூன்றே முக்காலுக்கு நாற்பத்தாறாவதை வைத்தாள். அப்போதுகூட உள்ளுக்குள் ஒரு சிரிப்பைத் தயாராகத்தான் வைத்திருந்தாள். கட்டம் போட்ட இடத்துக்குக் கண்ணாடியை நகர்த்தினாள். குமிழைத் திருப்பினாள். அவ்வளவுதான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரண்டாந்தரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் இருபது தரம் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் ஏழு.

லாரியை நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளினார்கள். பஸ் நகர்ந்தது. அந்தக் கண்ணாடியின் தேதி நாலு வருஷத்துக்கு முந்தின மார்ச் பதினாலு. தேதி தெரிந்ததிலிருந்து அவள் அந்த நாளைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள். ஏதாவது இருந்திருக்க வேண்டும். ஜுரம் இருந்திருக்கலாம். அவள் வீட்டுக்காரர் முருகேசனுக்கு முதுகு ஆபரேஷன் ஆனது அந்த வருஷம்தானே என்று பீரோவைத் துழாவிப் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தாள், அது ஆகஸ்டில். அப்பா போனது அதற்கு முந்தின வருஷம். கரண்ட் போயிருக்கலாம், மைக்ராஸ்கோப் பல்பு மங்கலாக இருந்திருக்கலாம், பல்பு மாற்றுகிற நோட்டில் பார்த்தால் பிப்ரவரியில்தான் புதுசு போட்டிருக்கிறது. அன்றைக்கு நாற்பத்தொரு கண்ணாடி பார்த்திருக்கிறாள், அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இது இருபத்தேழாவது. அதற்கு முன்னதும் பின்னதும் ஒழுங்காகப் பார்க்கப்பட்டவை. கையெழுத்து நேராக இருக்கிறது, அவசரத்தில் போட்ட மாதிரிகூட இல்லை. ஒரு சண்டை, ஒரு தலைவலி, ஒரு சாவுச் செய்தி, எதுவும் இல்லாத ஒரு வெறும் நாள். அதைத்தான் அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் இருந்தால் அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் ஒருத்தி குனிந்து பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறாள். கண் அந்த ஏழின் மேலாகப் போயிருக்கும், போகாமல் இருக்க முடியாது. போயும் மனசு எங்கே இருந்தது. ஒருவேளை ரேஷன் சர்க்கரையை நினைத்திருக்கலாம். ஒருவேளை ஒன்றையுமே நினைக்காமல் இருந்திருக்கலாம். மெஷினுக்கு அப்படி மார்ச் பதினாலு என்று ஒன்று கிடையாது. காலையில் முதலில் தள்ளின கண்ணாடியும் சாயங்காலம் கடைசியில் தள்ளினதும் அதற்கு ஒன்றுதான்.

அப்படியானால் அதற்கு அறிவு அதிகமா. இதை யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளே ராத்திரியும் பகலும் கேட்டுக்கொள்கிறாள், பஸ்ஸில் எதிர் சீட்டில் பூக்கூடையோடு தூங்கிக்கொண்டிருக்கிற அம்மாளைப் பார்த்துக்கொண்டு இப்போதும் கேட்கிறாள். மகரந்தத்தையும் புற்றையும் பிரிக்கத் தெரியாததற்கு அறிவு என்று பேர் வைக்க முடியாது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவளும் மகரந்தத்தைப் பார்த்துப் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டவள்தான். பரீட்சைக்கென்று அவள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு கெட்ட கண்ணாடிகளையும் அதற்குக் கொடுத்தார்கள், மூன்றை விட்டுவிட்டது. மூன்றை விட்டதே என்று அவள் சொன்னபோது டாக்டர், "அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும் மேடம்" என்றார். அவளுக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. நாளைக்கும் இதே கண், இதே கழுத்து வலி, இதே கோகிலவாணி. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த மெஷினைச் செய்த கம்பெனிக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து, அவள் மையால் புள்ளி வைத்ததும் நார்மல் என்று எழுதியதுமாக நாலாயிரம் கண்ணாடிகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த மாதிரி நூறு லேபிலிருந்து எடுத்தார்களாம். எது மிளகு, எது கடுகு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கண்ணில் கொஞ்சம் அதற்குள்ளே இருக்கிறது. அப்படியிருக்க அவளுக்குத் தெரியாதது அதற்கு எப்படித் தெரிந்தது. தெரியாதது இல்லை, தெரிந்ததுதான், அன்றைக்குத் தெரியவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை சுற்றிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே போய்விடுகிறது. உறவுக்காரர்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கண்ணாலதான் பாக்கறது, ஆனா வெறும் கண்ணு போதாது" என்று பெருமையாகச் சொல்லுவாள். அந்தப் போதாததற்கு மேலே இருப்பதைத்தான் அறிவு என்று இத்தனை வருஷமும் நம்பினாள். இப்போது இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும். அந்த மெஷினுக்கு அறிவு இருக்கிறது, இல்லாவிட்டால் அவளிடம் இருந்தது அறிவு இல்லை, வெறும் பழக்கம். எது பரவாயில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

கைப்பையில் ஒரு கவர் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவளே போய் டாக்டரிடம் கண்ணாடியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர வெகுநேரம் ஆனது. அந்தக் கண்ணாடிக்குரிய பெண்ணின் பெயர் சம்பூரணம், அப்போது வயசு நாற்பது, குமாரபாளையத்தில் நடந்த இலவச முகாமில் எடுத்தது. கொடுத்திருந்த போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. "லெட்டர் போட்டுடலாம்" என்றார் டாக்டர். "வழக்கமான மறு பரிசோதனை, வந்துட்டுப் போங்கன்னு போடுங்க. காரணம் எழுத வேண்டாம்." அவள் போகாமல் நின்றதைப் பார்த்து, "உங்க கையெழுத்து இருக்குது மேடம். ஆஸ்பத்திரி பேரும் இருக்குது. அந்தம்மா வந்தாப் போதும் இல்லீங்களா, வந்தா வைத்தியம் பாத்துடலாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. தபால் போய்ச் சேரவில்லை என்றால் என்ன செய்வது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று லீவு போட்டாள். கொடுக்கும்போது என்ன சொல்வது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. முருகேசன் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "விட்டுப்போச்சுன்னு சொல்லு, அவ்வளவுதான். மனுஷங்கதானே" என்றார். விட்டுப்போச்சு. பால் பொங்கிப்போச்சு, பஸ் போயிடுச்சு, டம்ளர் உடைஞ்சிருச்சு. செய்தவர் யாருமே இல்லாமல் எல்லாம் தானாகவே நடந்துவிட்ட மாதிரி சொல்லிக்கொள்ள நம் பேச்சில் எவ்வளவு வசதி இருக்கிறது. விட்டுட்டேன் என்றால் வேறு. அதற்கு ஒரு ஆள் வேண்டும். மூன்று கண்ணாடியை விட்டபோது மெஷின் விட்டுப்போச்சு என்றும் சொல்லவில்லை, விட்டுட்டேன் என்றும் சொல்லவில்லை. விட்டது அதற்குத் தெரியவும் தெரியாது. பஸ் குலுங்கிக் குலுங்கிப் போக, அவள் உதட்டுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அப்போது இன்னொரு பயம் வந்தது, அது நேற்றிலிருந்துதான் வருகிறது. ஐந்து வருஷம்தான் கண்ணாடிகளை வைத்திருப்பார்கள். அதற்கு முந்தின இருபத்தொரு வருஷத்துக் கண்ணாடிகள், இரண்டரை லட்சம், பெட்டி பெட்டியாகக் கழிவு வண்டியில் ஏறிப் போய்விட்டன. அறுபதாயிரத்தில் ஒன்று என்றால் இரண்டரை லட்சத்தில் நாலு. நாலு பெண்கள். அவர்களை இனிமேல் எந்த மெஷினும் கண்டுபிடிக்காது. அவர்கள் ஊர் என்ன, பேர் என்ன, இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயசுக் கண் நல்ல கண்ணாக இருந்திருக்கும், அப்போது விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட உடனேயே, மார்ச் பதினாலாம் தேதிக் கண்ணையும் நல்ல கண் என்றுதானே நினைத்திருந்தோம் என்று தோன்றியது.

"தண்ணித்தொட்டி ஸ்டாப் யாருங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். அவள் இறங்கினாள். இரண்டு தெரு தாண்டும் முன்பே தறிச் சத்தம் காதை அடைத்தது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. பெட்டிக்கடையில் விசாரித்தாள். கடைக்காரர், "தறி ஓட்டற சம்பூரணங்களா, அந்தப் பச்சைக் கேட்டுங்க" என்று காட்டினார். கேட்டுக்குள்ளே நீளமான ஓட்டுக் கொட்டகை, எட்டுத் தறி, எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பேரைச் சொல்லி ஜாடை காட்டிக் கூப்பிட்டதும் ஒரு பெண் வெளியே வந்தாள். மெலிந்த உடம்பு, தலையெல்லாம் பஞ்சுத் துகள். உயிரோடு இருக்கிறாள், நடந்து வருகிறாள் என்பதுதான் கோகிலவாணியின் மனசில் முதலில் வந்தது. வந்த பிறகுதான், இத்தனை நேரமும் அவள் இருக்க மாட்டாளோ என்று பயந்துகொண்டு வந்திருக்கிறோம் என்பதே தெரிந்தது.

"ஈரோட்டு ஆஸ்பத்திரியில இருந்து வர்றேங்க. நாலு வருஷத்துக்கு முன்னால முகாமுல ஒரு பரிசோதனை பண்ணிக்கிட்டீங்க, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. பெருமாள் கோயில் மண்டபத்துல வெச்சுப் பண்ணுனீங்க. உக்காருங்க டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லீங்க. லேப்ல வேலை பாக்கறவ." உட்காரவில்லை. கவரை எடுத்து நீட்டினாள். "மறுபடியும் ஒருதடவை பரிசோதனை பண்ணோணும். அதுக்கு வரச்சொல்லி லெட்டர்." இவ்வளவும் டாக்டர் சொன்னபடியே இருந்தது. இத்தோடு திரும்பிப் போகலாம்.

சம்பூரணம் கவரைப் பிரிக்கவில்லை. கேட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தறிச் சத்தத்தில் தாழ்த்தின குரலைக் கேட்க கோகிலவாணி அவள் வாய்க்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. "நானே வரலாம்னுதாங்க இருந்தேன். ஆறு மாசமா மாசத்துக்கு நடுவுல நடுவுல ரத்தம் படுது. எம்பட ஓரகத்தி போய்க் காட்டுன்னு சொல்லிட்டே இருக்கறா. நாந்தான், அன்னிக்கே ஒண்ணுமில்லைன்னு பேப்பர் குடுத்துட்டாங்களே, பயப்படறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன். பேப்பரை எடுத்து வெச்சிருக்கறேனுங்க, காட்டட்டுங்களா?"

விட்டுட்டேன் என்று அவள் சொன்னாள். தானே விட்டுவிட்டதாக. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த இரண்டில் எதுவும் இப்போது கோகிலவாணியின் நாக்கில் இல்லை. எதிரே சம்பூரணத்தின் புருவத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் துணுக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, "அந்தப் பேப்பர் தப்புங்க" என்றாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லைன்னு எழுதுனது நான்தாங்க. அதுல இருந்துச்சு. நான் சரியாப் பாக்கலை. இப்ப புதுசா ஒரு மெஷின் வந்திருக்குது. பழசெல்லாம் அதுல ஓட்டிப் பார்த்தாங்க. அது காட்டிக் குடுத்துச்சு."

சம்பூரணம் அவளையே பார்த்தாள். உள்ளே ஒரு தறி நின்று, சத்தத்தில் ஒரு பங்கு குறைந்தது. "இருந்துச்சுன்னா, புத்துங்களா?"

"அப்போ அது புத்து இல்லீங்க. புத்தா மாறக்கூடியது. இப்போ எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. பாத்தாத்தான் தெரியும். இன்னிக்கே வந்தீங்கன்னா நல்லது."

"நாலு வருசமுங்க" என்றாள் சம்பூரணம். அதட்டவில்லை. கணக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். லெட்டரை மட்டும் கொடுத்துவிட்டுக் கோகிலவாணி போயிருந்தாலும் இவள் வந்திருப்பாள், வைத்தியமும் நடந்திருக்கும், டாக்டர் சொன்னது அப்படியே சரிதான். ஆனால் அடுத்த பேப்பரையும் இவள் இதே மாதிரி நம்பிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வாள்.

"அப்போ அந்த மெஷினுக்கு உங்களைவிட விவரமுங்களா?"

கேட்டது குத்திக் காட்டுவதற்கில்லை, தெரிந்துகொள்ளத்தான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மகரந்தம், கைரேகை, மூன்றை விட்டது எல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தன. "உங்க கண்ணாடியில, ஆமாங்க" என்றாள். "வேற சிலதுல நான். எதுல எதுன்னு முன்கூட்டியே சொல்லத் தெரியலீங்க."

சம்பூரணம் கொட்டகைக்குள் தலையை நீட்டி, நின்ற தறியைப் பார்த்தாள். "குறுக்கால ஓடற ஊடை நூலு அந்துபோச்சுன்னா தறி தானா நின்னுருமுங்க. நீளத்துல வர்ற பாவு நூலு அந்தா நிக்காது, அது பாட்டுக்கு ஓடும், துணி வீணாப்போகும். அதை நாமதான் பாத்துட்டே இருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அதைத் தன்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா என்று கோகிலவாணிக்கு விளங்கவில்லை. உள்ளே ஒரு பெண்ணிடம் கையசைத்து ஏதோ சொன்னாள், அறுந்த நூலை முடிந்து தறியை ஓடவிட்டாள், சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. தண்ணீர் பட்டதாலும் இருக்கலாம்.

இருவரும் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அங்கே நிற்கும்போது சம்பூரணம், "இன்னிக்கு எடுக்கறதை யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டும் பாக்கறதுங்க. நானும் பாப்பேன், மெஷினும் பாக்கும். நான் பாக்க வேண்டாம்னாலும் சொல்லுங்க, வேற ஆள் பாப்பாங்க."

சம்பூரணம் ரோட்டையே பார்த்து யோசித்தாள். "மொதல்ல அது பாக்கட்டுங்க. அப்பறம் நீங்க பாருங்க."

"சரிங்க" என்றாள் கோகிலவாணி. அவளுக்கு அது வலித்தது. வலித்ததில் நியாயம் இருப்பதும் தெரிந்தது.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. கோகிலவாணி ஒரு சீட்டில் உட்கார்ந்து பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள். சம்பூரணம் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு வரிசை முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். பையைத் திறந்து, பிரிக்காமல் வைத்திருந்த கவரை எடுத்துப் பிரித்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதில் வழக்கமான மறு பரிசோதனை என்றுதான் இருக்கும். படித்து முடித்து மடித்து உள்ளே வைத்தாள். நாளைக்கு டாக்டர் கூப்பிட்டுக் கேட்பார், லெட்டருக்கு மேலே என்ன பேசினீர்கள் என்று. சொல்ல வேண்டியதுதான். வேலை போனாலும் போகலாம். போனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள், ஒருவேளை யாரையும் உட்கார வைக்காமல் மெஷினை மட்டும் ஓட்டுவார்களோ என்று அவள் யோசிக்க ஆரம்பித்தபோது, முன்னாலிருந்து சம்பூரணம் திரும்பாமலே சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கு ஈரோட்டுல வழி தெரியாதுங்க. எறங்கற எடம் வந்தாச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள் கோகிலவாணி.